சிச்சிலி கூப்பிட்ட பக்கம்

கால் நூற்றாண்டு காலம் சுற்றுவட்டாரத்தையே தூங்கவிடாத மனிதர் பூதலிங்கம். காதுகுத்து, கல்யாணம், கோயில் கொடை, கட்சிக் கூட்டம் எதுவானாலும் பாளையங்கோட்டை பூதலிங்கம் சவுண்ட் சர்வீஸின் குழாய்தான் பனைமரத்தில் ஏறும். அப்படிப்பட்டவர் ஒருநாள் பறவை பார்க்கப் போகிறேன் என்று கிளம்பியபோது வீட்டில் யாரும் நம்பவில்லை.

"நீங்க போயி நின்னா அதுக பறந்துல்லா போயிரும்" என்றாள் மனைவி.

அவளைச் சொல்லிக் குற்றமில்லை.

ஆளை மாற்றியவர் ஜெபக்கனி டீச்சர். பெண்கள் பள்ளியில் விலங்கியல் நடத்தி ஓய்வு பெற்றவர். லீவு நாட்களில் வேன் பிடித்து ஆட்களைக் குளங்குளமாகக் கூட்டிப்போய்ப் பறவை காட்டுவார். அவரைப் பூதலிங்கம் முதன்முதலில் பார்த்தது ஆலடிக்குளத்தில், அதுவும் ஒரு சண்டைக்கு நடுவில்.

ஆலடிக்குளத்துக் கருவேல மரங்களில் கார்த்திகை பிறந்ததும் நாரையும் கூழைக்கடாவும் கரண்டிவாயனும் கூடு கட்ட வந்துவிடும். அதுகள் குஞ்சு பொரித்துக் கிளம்புகிறவரை ஊரில் வெடி கிடையாது, மைக் கிடையாது, கொட்டும் கிடையாது. இது தெரியாமல் பூதலிங்கம் ஒரு தை மாதக் கல்யாணத்துக்கு வண்டி நிறையப் பெட்டிகளோடு போய் இறங்கினார். ஏற்பாடு செய்தவர்கள் மாப்பிள்ளை வீட்டார்; வெளியூர்க்காரர்கள். குளத்தங்கரையிலேயே மாடத்தி என்ற பெண் வண்டியை மறித்துவிட்டாள்.

"பிள்ளைத்தாச்சி இருக்குற வீட்டுல மைக் போடுவீயளா?"

"எந்த வீட்டுல பிள்ளைத்தாச்சி?"

மாடத்தி குளத்தைக் காட்டினாள்.

பூதலிங்கத்துக்குக் கோபம் தலைக்கு ஏறியது. வண்டி வாடகை, ஏற்றுகூலி, இறக்குகூலி என்று அவர் குரலை உயர்த்தியபோது, கழுத்தில் பைனாகுலரோடு பக்கத்தில் நின்றிருந்த அம்மாள் ஒருத்தி அவரைப் பார்த்துக் கையமர்த்தினார்.

"வந்தது வந்துட்டீய. கொஞ்சம் சும்மா நில்லுங்க தம்பி."

நின்றார். ஏன் நின்றார் என்று இன்றுவரை அவருக்குத் தெரியாது.

"கேட்டுச்சா?"

"என்னது?"

"அப்போ இன்னும் கொஞ்சம் சும்மா நில்லுங்க."

அப்புறம் கேட்டது. ஊசி முனையளவு ஒரு சத்தம். தண்ணீரை ஒட்டி வந்து, காதுக்குள் நுழைந்து, போய்விட்டது. பின்னாலேயே ஒரு நீலம் குறுக்கே ஓடி, கரையோரக் கட்டையில் உட்கார்ந்து சின்னப் பறவையாக மாறியது.

"சின்ன மீன்கொத்தி. பழைய ஆளுக சிச்சிலின்னு சொல்லுவாவ" என்றார் டீச்சர்.

பூதலிங்கம் பெட்டிகளைத் திருப்பி எடுத்துக்கொண்டு போனார். ஆனால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை டீச்சர் வீட்டு வாசலில் வந்து நின்றார். "அந்தச் சத்தம் எங்கிட்ட இருக்குற எந்தப் பெட்டியிலயும் வராது டீச்சர்" என்றார். அன்றிலிருந்து அவர் சிஷ்யர். மைக் செட்டை மச்சினனிடம் ஒப்படைத்தார். டீச்சர் போகிற குளத்துக்கெல்லாம் பின்னாலேயே போனார். நாரையின் நடையை வைத்து வயசு சொல்லவும், கூழைக்கடா மேலே வட்டமடிப்பதை வைத்துக் காற்றின் போக்கைச் சொல்லவும் கற்றுக்கொண்டார். ஐம்பதைத் தாண்டிய ஆள் ஒன்றாம் வகுப்புப் பிள்ளையைப்போலக் கையைத் தூக்கிச் சந்தேகம் கேட்பதைப் பார்க்க யாருக்கும் சிரிப்பாகத்தான் இருக்கும். டீச்சர் மட்டும் சிரித்ததில்லை.

இதெல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. நாலு வருஷத்துக்கு முன்னால் ஒரு காலையில் டீச்சர் அவர் பக்கம் திரும்பி, "கேட்டுச்சா?" என்றார்.

பூதலிங்கத்துக்கு ஒன்றும் கேட்கவில்லை.

"கேட்டுச்சு டீச்சர்" என்றார்.

ஏன் அப்படிச் சொன்னோம் என்று நினைப்பதற்குள் டீச்சர் சந்தோஷமாகத் தலையாட்டிவிட்டார். அதற்கப்புறம் மாற்றிச் சொல்ல வாய் வரவில்லை. ஒரு பொய்க்குத் துணையாக இன்னொன்று வந்து சேர்ந்தது. காது டாக்டரிடம் போனார்.

"என்ன தொழில் பாத்தீங்க?" என்றார் டாக்டர்.

"மைக் செட்."

டாக்டருக்கு அதற்குமேல் கேட்க ஒன்றுமில்லை. "மெல்லிசுச் சத்தம்தான் முதல்ல போகும். பிறகு படி இறங்குற மாதிரி ஒவ்வொண்ணாப் போகும். மிஷின் வச்சுக்கிட்டா நல்லது" என்றார்.

ஊரைச் செவிடாக்கிய மைக் செட்டுக்காரர் காதில் மிஷினோடு கடைவீதியில் நடந்தால் எத்தனை பேர் சிரிப்பார்கள்? பூதலிங்கம் மிஷின் வாங்கவில்லை. வேறொரு வழி கண்டுபிடித்தார். கரையில் நிற்கும்போது டீச்சரின் முகத்தைப் பார்ப்பார். டீச்சர் "கேட்டுச்சா?" என்றால் பறவை கூப்பிட்டிருக்கிறது என்று அர்த்தம். உடனே தலையாட்டிவிட்டு, டீச்சரின் மூக்கு எந்தப் பக்கம் இருக்கிறதோ அந்தப் பக்கம் திரும்புவார். திரும்பினால் பறவை இருக்கும். எத்தனையோ தடவை சிச்சிலி கை நீட்டினால் தொடுகிற தூரத்தில் உட்கார்ந்திருக்கும். டீச்சரின் காதை நினைத்து அவருக்கு ஆச்சரியம் தாங்காது. எழுபதை நெருங்குகிற வயசில் இப்படி ஒரு காதா!

இந்த வருஷம் பொங்கலுக்கு வந்தது வினை.

டீச்சர் வழக்கமாகப் பொங்கல் கழிந்துதான் ஆலடிக்குளம் வருவார். இந்தத் தடவை சென்னையிலிருந்தும் மதுரையிலிருந்தும் வந்தவர்கள், பறவையும் பார்க்க வேண்டும், கிராமத்துப் பொங்கலும் பார்க்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். லீவு நாளை இரண்டாக வெட்ட அவர்களுக்கு மனசில்லை. போகியன்று வேன் கிளம்பியது. நாங்குநேரி தாண்டியதும் டீச்சர் முன் சீட்டிலிருந்து எழுந்து நின்றார்.

"ஒரு விஷயம் சொல்லிருதேன். இதுதான் எனக்குக் கடைசிப் பயணம். மூட்டுவலி. இனிமே உங்களைப் பூதலிங்கம் தம்பிதான் கூட்டிட்டு வருவாவ."

வேனில் எல்லோரும் கைதட்டினார்கள். பூதலிங்கம் எழுந்து முன் சீட்டுக்குப் போனார்.

"டீச்சர், இதை எங்கிட்டச் சொல்லவே இல்லையே?"

"சொன்னா மாட்டேன்னு சொல்லுவீய."

"மாட்டேன்தான்."

"அதான் எல்லார் முன்னாலயும் சொன்னேன்" என்றார் டீச்சர், ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு.

அன்றிரவு, தங்க இடம் கொடுத்த மாடத்தி வீட்டு மாடியில் படுத்துக்கொண்டு பூதலிங்கம் யோசித்தார். உண்மையைச் சொன்னால் டீச்சர் இத்தனை வருஷம் பாடுபட்டதை ஒப்படைக்க ஆளில்லை. இந்தப் பயணங்கள் நின்றுபோகும். அதைவிட, இத்தனை நாள் ஏமாற்றினாயா என்று டீச்சர் ஒரு பார்வை பார்ப்பார். சொல்லாவிட்டால், இனிமேல் பார்க்க டீச்சரின் முகமும் இருக்காது. ஒரு வேன் ஆட்களை வைத்துக்கொண்டு கரையில் என்ன செய்வது? இந்தப் பக்கமும் போக முடியவில்லை, அந்தப் பக்கமும் போக முடியவில்லை.

விடிந்தது. பொங்கல்.

கரையில் பனி இன்னும் விலகவில்லை. கூழைக்கடாக் குஞ்சுகள் தாயின் தொண்டைக்குள் தலையைவிட்டு மீனுக்குத் துழாவிக்கொண்டிருந்தன. அதைப் பார்த்து வந்தவர்களுக்கெல்லாம் ஒரே குதூகலம்.

"முழுங்கிடாதா சார்?" என்றார் ஹேமலதா. சென்னையில் வங்கி வேலை. முதல் தடவையாகப் பறவை பார்க்க வந்தவர்.

"எது எதை?"

"அம்மா குஞ்சை."

"குஞ்சுதாம்மா அம்மாவை முழுங்கும். எங்க வீட்டுல நாலு இருக்கு" என்றார் பூதலிங்கம்.

எல்லோரும் சிரித்தார்கள். கண்ணால் பார்க்கிற பறவைகளில் அவரை அடித்துக்கொள்ள ஆள் இல்லை. கரண்டிவாயன் தண்ணீரைக் கலக்குவதைத் தானே குனிந்து, கையைக் கரண்டியாக்கி நடித்துக் காட்டினார். டீச்சர் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். பெற்ற பிள்ளை மேடையேறியதைப் பார்க்கிற முகம் அது.

அப்போது ஹேமலதா நின்றார்.

"டீச்சர், ஒரு நிமிஷம். அது என்ன சத்தம்? மெல்லிசா, 'சீ'ன்னு?"

டீச்சர் பூதலிங்கத்தைப் பார்த்தார்.

பூதலிங்கம் டீச்சரைப் பார்த்தார்.

டீச்சர் முகத்தில் ஒன்றுமே இல்லை. "கேட்டுச்சா?" என்றும் கேட்கவில்லை. மூக்கு எந்தப் பக்கமும் திரும்பவில்லை. நேராக அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். வந்தவர்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார்கள்.

பரீட்சை வைக்கிறார் என்று நினைத்தார் பூதலிங்கம். ஒப்படைப்பதற்கு முன்னால் கடைசிப் பரீட்சை.

"அது வந்து... தேன்சிட்டு" என்றார். ஆவாரஞ்செடியைக் காட்டினார்.

அத்தனை பைனாகுலரும் ஆவாரஞ்செடியை நோக்கித் திரும்பின. செடியில் பூ இருந்தது, வேறொன்றும் இல்லை. அவர்கள் முதுகுக்குப் பின்னால் தண்ணீர்மேல் ஒரு நீலம் ஓடியது.

"ஐயோ! நீலமா ஒண்ணு போச்சு!" என்றார் ஹேமலதா.

"மீன்கொத்தி" என்றார் டீச்சர் மெதுவாக.

அதற்குமேல் வழியெல்லாம் டீச்சர் பேசவில்லை. பூதலிங்கத்துக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. எந்தப் பறவை அவரைச் சிஷ்யனாக்கியதோ அதே பறவையைத் தேன்சிட்டு என்று சொல்லியாகிவிட்டது.

மற்றவர்கள் மாடத்தி வீட்டுக்குப் போனார்கள். பூதலிங்கம் முகம் கழுவிவிட்டு வருகிறேன் என்று கரையிலேயே தங்கினார். படித்துறையில் உட்கார்ந்து தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார். பசி எடுத்த பிறகுதான் எழுந்தார்.

அவர் போய்ச் சேர்ந்தபோது வாசலில் பானை கொதிக்கிற நேரம். அடுப்பாக மூன்று பொங்கல் மண்கட்டிகள், அவற்றின்மேல் மஞ்சள்குலை கட்டிய பானை, அடியில் பனையோலை எரிந்துகொண்டிருந்தது. கரும்பும் பனங்கிழங்கும் வாழையிலையில் கிடந்தன. பக்கத்து வீட்டுப் பெண்களும் கூடியிருந்தார்கள். வந்தவர்கள் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மூச்சுக்கூட விடாமல் நின்றார்கள். நுரை எழும்பிக் கழுத்தைத் தாண்டி வழிந்தது.

மாடத்தி வாயைத் திறந்து நாக்கை ஆட்டினாள். பிறகு அத்தனை பெண்களும். குலவை.

பூதலிங்கத்துக்குக் கேட்கவில்லை.

ஒருகணம் அவருக்குப் புரியவில்லை. பனையோலை படபடவென்று எரிவது கேட்டது. குளத்திலிருந்து கூழைக்கடா இறக்கையடிப்பது கேட்டது. யாரோ இருமியது கேட்டது. எதிரே அத்தனை நாக்குகள் ஆடுகின்றன. குலவை மட்டும் கேட்கவில்லை. அவருடைய குழாய் ஒலிபெருக்கியையே சில கொடைகளில் தோற்கடித்த சத்தம் அது.

டாக்டர் சொன்ன படி ஞாபகம் வந்தது. சிச்சிலி போனது ஒரு படி. இப்போது பெண்கள் குரல். அடுத்தது வீட்டில் மனைவி குரலும் போகும். நாற்பது வருஷமாகக் காலையில் எழுந்ததும் விழுகிற திட்டு இல்லாமல் ஒரு நாளை நினைத்துப் பார்த்தார். கண் கலங்கிவிட்டது. பனையோலைக் குவியலின்மேல் அப்படியே உட்கார்ந்தார்.

குலவை முடிந்தது. டீச்சர் மாடத்தியின் கையைப் பிடித்துக்கொண்டு ஏதோ பேசினார். பிறகு திரும்பி, பூதலிங்கத்தைப் பார்த்துவிட்டு வந்தார்.

"என்ன தம்பி, இங்க உக்காந்துட்டீய?"

"கரைக்குக் கொஞ்சம் வாரீயளா டீச்சர்?"

"பொங்கல் சாப்பிடாமயா?"

"எனக்குச் சோறு இறங்காது டீச்சர்."

டீச்சர் வந்தார். கரையில் ஆள் இல்லை. ஆலமரத்தடியில் நின்றார்கள்.

"என்னால ஆட்களைக் கூட்டிட்டு வர முடியாது" என்றார் பூதலிங்கம். "அதுக்கு நான் லாயக்கில்ல."

"காலையில சொன்னதுக்கா? செடியில இருந்தது நாம திரும்புறதுக்குள்ள பறந்திருக்கும்."

"அங்க ஒண்ணுமே இல்ல டீச்சர். எனக்குச் சிச்சிலி கேக்காது. நாலு வருஷமாக் கேக்காது. காலையில வாய்க்கு வந்ததைச் சொன்னேன். நீங்க கேட்டுச்சான்னு கேக்கும்போதெல்லாம் உங்க மூஞ்சியப் பாத்துதான் தலையாட்டினேன். நீங்க பாக்குற பக்கம் திரும்பினேன். முதல் நாளே சொல்லியிருக்கணும். சொன்னா வீட்டுல இருன்னு சொல்லிருவீயளோன்னு பயம். எனக்கு இதை விட்டா வேற என்ன இருக்கு டீச்சர்?"

டீச்சர் அவரை உற்றுப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"இன்னைக்கு அதுவும் போச்சு" என்றார் பூதலிங்கம். "அத்தனை பொம்பளைகளும் வாயத் தொறந்து குலவை போடுதாவ. எனக்கு ஒரு பொட்டுச் சத்தம் கேக்கல."

"குலவையா?"

"ஆமா டீச்சர்."

டீச்சரின் முகம் கோணியது. அழப்போகிறார் என்று பூதலிங்கம் நினைத்தார். டீச்சர் சிரித்தார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, மரத்தில் சாய்ந்துகொண்டு சிரித்தார்.

"அது யாருக்குமே கேக்கல தம்பி. அவ்வோ சத்தமே போடலையே!"

"போடலையா?"

"இந்த ஊருல இந்த மாசம் குலவை அப்படித்தானாம். நாக்கு ஆடணும், சத்தம் வரப்பிடாது. பொங்கலோ பொங்கல்னு கூட உதட்டுக்குள்ளதான் சொல்லுவாவளாம். நாம பொங்கலுக்கு வந்ததில்லையா, தெரியல. மாடத்திதான் சொன்னா."

பூதலிங்கம் இரண்டு கையாலும் காதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். என்னமோ கழன்று விழுந்ததைத் திரும்ப மாட்டிக்கொள்கிறவர்போல.

"எனக்கும் உங்கள மாதிரி திக்குன்னு ஆயிப்போச்சு" என்று டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டே சொன்னார். "அவ கையப் பிடிச்சு இழுத்து, ஏட்டி, நெசமாச் சத்தம் போட்டியா இல்லையான்னு கேட்டேன். போடல டீச்சர்ன்னா. பிறகுதான் எனக்கு உசுரே வந்துச்சு."

பூதலிங்கத்துக்கும் உயிர் வந்தது. ஆழமாக ஒரு மூச்சு விட்டார். குளத்தைப் பார்த்தார். பிறகு மெதுவாகத் திரும்பினார்.

"டீச்சர்."

"ம்."

"எனக்குக் காது சரியில்ல. நான் பயந்தேன்."

"ஆமா."

"உங்களுக்கு எதுக்குத் திக்குன்னு ஆகணும்?"

டீச்சர் சிரிப்பதை நிறுத்தினார். கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்தார். துடைத்த கண்ணாடியையே இன்னொரு தடவை துடைத்தார்.

"எத்தனை வருஷமா?" என்றார் பூதலிங்கம்.

"உங்களுக்கு எப்பப் போச்சோ அதுக்குக் கொஞ்சம் முந்தி."

"அப்போ கேட்டுச்சா, கேட்டுச்சான்னு கேட்டது?"

"தெரியாமத்தான் கேட்டேன். உங்க காது இளங்காது, பத்து வருஷத்துக்குத் தாங்கும்னு நெனச்சேன். நீங்க கேட்டுச்சும்பீய. எந்தப் பக்கம் திரும்புதீயன்னு பாப்பேன். அந்தப் பக்கம் கையக் காட்டுவேன்."

"நீங்க பாத்த பக்கம்தானே டீச்சர் நான் திரும்பினேன்!"

"நான் உங்களைத்தானே பாத்தேன்!"

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்தபடி நின்றார்கள்.

"காலையில நீங்க தேன்சிட்டுன்னு சொன்னதும் எனக்கு ஈரக்குலை நடுங்கிப்போச்சு" என்றார் டீச்சர். "சரி, சிச்சிலிதான் போச்சு, இனி தேன்சிட்டும் போச்சான்னு. அதான் வழியெல்லாம் வாயைத் திறக்கல."

"நீங்க கோவமா இருக்கீயன்னுல்லா நெனச்சேன்."

"கோவமா? உங்க மேலயா?"

"மூட்டுவலின்னு சொன்னது?"

"மூட்டு நல்லாத்தான் இருக்கு. காது கேக்காதவ எத்தனை நாளைக்கு ஊரை ஏமாத்துறது? நல்ல காது இருக்குற ஆளுகிட்ட ஒப்படைச்சிருவோம்னு பாத்தேன்" என்றார் டீச்சர். சொல்லிவிட்டு அந்த நல்ல காதைப் பார்த்தார்.

பூதலிங்கம் சிரிக்கத் தொடங்கி அழுதுவிட்டார். வெட்கமாகத்தான் இருந்தது, ஆனால் அந்த நிமிஷம் அவருக்கு டீச்சர்மேல் வந்த பிரியத்தைப்போல அதுவரை யார்மேலும் வந்ததில்லை. தன் குருவை எட்டாத உயரத்தில் வைத்துப் பயந்துகொண்டிருந்தவருக்கு, அவர் பக்கத்தில், அதே சேற்றில், அதே திருட்டு முழியோடு நிற்பது தெரிந்துவிட்டது. துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"இனிமே என்ன செய்ய டீச்சர்?"

"இனிமே என்ன? வாங்க, பொங்கல் ஆறிரும்."

மறுநாள் மாட்டுப்பொங்கல். விடிந்ததும் எல்லோரும் கரைக்கு வந்தார்கள். கழுத்து மணிகளை அவிழ்த்துவிட்டு, கொம்புக்குச் சாயம் பூசிய மாடுகள் ஓசையில்லாமல் அவர்களைத் தாண்டிப் போயின. பூதலிங்கம் முன்னால் போய் நின்று தொண்டையைச் செருமினார். இத்தனை வருஷம் 'ஹலோ, மைக் டெஸ்டிங்' என்று சொன்ன தொண்டை. இன்று சொல்லவந்ததைச் சொல்ல நேரம் பிடித்தது.

"ஒரு விஷயம். எனக்கும் டீச்சருக்கும் மெல்லிசுச் சத்தம் கேக்காது. நேத்து நான் சொன்னது தப்பு. அது தேன்சிட்டு இல்ல, மீன்கொத்தி. உங்கள்ல யாருக்குக் கேட்டாலும் கையத் தூக்குங்க. எந்தப் பக்கம்னு காட்டுங்க. என்ன பறவைன்னு நாங்க சொல்லுதோம்."

யாரும் சிரிக்கவில்லை. ஒருவரையொருவர் பார்த்தார்கள். ஹேமலதாதான் முதலில் பேசினார்.

"அப்போ நேத்து எனக்குக் கேட்டது உங்க ரெண்டு பேருக்குமே கேக்கலையா?"

"இல்லம்மா."

"எனக்கு மட்டும்தான் கேட்டுச்சா?" அந்த அம்மாளுக்கு முகமெல்லாம் பூரிப்பு. அதற்கப்புறம் யாரையும் பேசவிடவில்லை. விரலை உதட்டில் வைத்து ஒரு வேன் ஆட்களையும் அடக்கிவிட்டார். வந்த அன்றைக்கு வழியெல்லாம் பாட்டுப் போடச் சொன்ன ஆள் அவர்தான்.

கொஞ்ச நேரம் போனது. ஹேமலதாவின் கை மேலே போயிற்று.

"இந்தப் பக்கம்! இப்போ!"

திரும்பினார்கள். மடையோரக் கட்டையில் சிச்சிலி உட்கார்ந்திருந்தது. அலகில் வெள்ளி மாதிரி ஒரு மீன். அதைக் கட்டையில் இரண்டு தட்டுத் தட்டி, தலைப்பக்கமாகத் திருப்பி விழுங்கியது. வயிற்றில் செம்மண் நிறம், முதுகில் நீலம். சத்தம் கேட்காமல் பார்த்தாலும் அந்த நீலத்துக்கு ஒரு குறையும் இல்லை. பூதலிங்கம் அது பறந்து போகிறவரை பார்த்தார்.

"அடுத்த வருஷமும் மூட்டு நல்லா இருக்குமா டீச்சர்?" என்றார், குரலைத் தாழ்த்தி.

"நீங்க வந்தா இருக்கும்."

வந்தவர்கள் ஹேமலதாவின் பின்னால் நகர்ந்தார்கள். இவர்கள் இரண்டு பேரும் கடைசியாக நடந்தார்கள். மடையைத் தாண்டியதும் பூதலிங்கம் நின்றார். பழைய வழக்கப்படி கை பாதி தூக்கியிருந்தது.

"டீச்சர், ஒரு சந்தேகம். நேத்துலேருந்து மண்டையைக் குடையுது."

"கேளுங்க."

"உங்களுக்கும் கேக்கல. எனக்கும் கேக்கல. ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாத்துத்தான் திரும்பியிருக்கோம். ஆனா திரும்பின பக்கமெல்லாம் சிச்சிலி இருந்துச்சே! அதுவும் கைக்கெட்டுற தூரத்துல வந்து உக்காந்திருக்குமே! அது எப்படி டீச்சர்?"

டீச்சர் நடந்துகொண்டே சொன்னார்.

"நம்ம கண்ணு தன் மேல விழுந்தாத்தான் தம்பி பறவைக்குப் பயம். நாம அதையா பாத்தோம்? நான் உங்களைப் பாத்துக்கிட்டு நின்னேன், நீங்க என்னையப் பாத்துக்கிட்டு நின்னீய. இதுக ரெண்டாலயும் தனக்கு ஒரு தொந்தரவும் இல்லன்னு, அது பாட்டுக்குப் பக்கத்துல வந்து உக்காந்திருக்கு."